கல்லறைக்கு மருந்து அடித்தார்கள்

என் மனைவியை அடக்கம் செய்த முதல் வருடம், கல்லறை மேட்டுக்குக் கேந்திப்பூ மாலை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்ட மாலை வாரம் பாதி ஓடுவதற்குள் அழுகிவிடும். கேந்தி அழுகினால் என்ன வாடை வரும் என்று தெரியாதவர்கள் புண்ணியவான்கள். அடியில் பச்சையாகத் தண்ணீர் கசியும். ஈ மொய்க்கும். கையால் எடுத்தால் வழுக்கிக்கொண்டு நாரோடு வரும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலை, அந்தச் சகதியை அள்ளி வெளியே எறிவது. எறிந்துவிட்டு அதே கையால் புது மாலையைப் போடுவது. உயிரோடு இருந்தபோது ஒரு கிண்ணம் குழம்பு ஊசிப்போனால் தெருவையே கூட்டுகிறவள் அவள். அவள் தலைமாட்டில் வாராவாரம் அழுகலை வைத்துவிட்டு வருகிறோமே என்று எனக்கே குமட்டியது.

நான் அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றிலும் ஒற்று மிகும் மிகாது என்று பார்ப்பது என் பிழைப்பு. இறந்தவர் படத்தைச் சுற்றி ரோஜாப்பூ வைப்பது எங்கள் கம்ப்யூட்டர். எல்லாச் சாவுக்கும் ஒரே ரோஜா, அதன் மேல் பனித்துளி வேறு. இந்தக் கரிசலில் அப்படி ஒரு ரோஜாவை எவனும் கண்ணால் கண்டதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பூ என்றாலே ஓர் எரிச்சல் வந்திருந்தது. என் மனைவியின் போஸ்டரில் மட்டும் அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். டிசைன் பண்ணுகிறவன், “மொட்டையா இருக்கேண்ணே” என்றான். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

எங்கள் ஊர் திருச்சுழி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கல்லறைத் தோட்டம் ஊருக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டி. தோட்டம் என்று பெயர்தான். குழாய் கிடையாது, கிணறு கிடையாது. கோடையில் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மாலை வேண்டாம் என்று முடிவு செய்தபின் தொட்டியில் ரோஜா வைத்துப் பார்த்தேன். கருகியது. குரோட்டன்ஸ் வைத்தேன். அதுவும் போனது. நித்தியகல்யாணியை ஆடு தின்னாது என்றார்கள். ஆடு தின்னவில்லை, வெயில் தின்றது.

மதுரையில் இருக்கிற என் மகள் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். “அப்பா, கிரானைட்டு போட்டுருவோம். எல்லாரும் போட்டுட்டாக. அம்மாவுக்கு மட்டும் மண்ணும் மரச்சிலுவையுமா கெடக்கு, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.” எங்கள் வழக்கத்தில் மரச்சிலுவை என்பது தற்காலிகம். அடக்கத்தன்று நட வேண்டியது, வருடம் திரும்புவதற்குள் கல் எழுப்ப வேண்டியது. என் மனைவியின் சிலுவை பூவரசங்கட்டை. தச்சர் செய்து கொடுத்ததில் பெயரை நானே பெயிண்டால் எழுதினேன். அதை எடுத்துவிட்டு, பளபளவென்று ஒரு பலகையில் அவள் முகத்தைச் செதுக்கி வைப்பதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. முன்வரிசையில் அப்படி ஒரு கல் இருக்கிறது. அதில் இருக்கிற பெரியவரை எனக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

தண்ணீர் கேட்காமல், ஆடு தொடாமல், இந்த மண்ணிலேயே பிறந்து இந்த வெயிலிலேயே பூக்கிற ஒன்று எங்கள் காட்டிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் ஊரில் மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். எங்களுக்கு அப்படி ஒரு துண்டுக் காடு உண்டு. அதன் மேற்கு வரப்பு முழுக்க ஆவாரை. வரப்பைத் தாண்டினால் முள்ளும் வாகையும் மண்டிய புறம்போக்கு. அங்கிருந்துதான் அது எங்கள் வரப்புக்கு வந்தது. யாரும் வைத்ததில்லை.

என் மனைவிக்கு அந்த வரப்பின் மேல் ஒரு கண் உண்டு. பக்கத்திலேயே பந்தல் போட்டுப் பீர்க்கும் பாகலும் விடுவாள். ஆவாரைக்கு வருகிற வண்டும் ஈயும் பந்தலுக்கும் வரும், அதனால்தான் காய் பிடிக்கிறது என்பது அவள் கணக்கு. அவளுக்குச் சர்க்கரை வந்தபோது, பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஆவாரம்பூவைக் காயவைத்துக் குடி என்றார்கள். இப்போது அதைப் பொடித்துப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்தேன். அவள் வாயில் வைக்கவில்லை. “அது வண்டுக்கு உள்ளதுங்க. அதையும் நாமளே புடுங்கிக் குடிச்சா அது என்னத்தத் திங்கும்?” என்றாள். ஊசியும் மாத்திரையுமாகவே இருந்து போய்ச் சேர்ந்தாள்.

தை மாதம் வரப்பில் காய்ந்து தொங்கிய நெற்றுகளைப் பறித்துக்கொண்டு வந்தேன். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. சும்மா ஊன்றினால் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். கொதித்து இறக்கிய தண்ணீரில் இரவெல்லாம் போட்டுவைத்து, உப்பியதை மட்டும் எடுத்துப் பால் கவரில் மண் நிரப்பி ஊன்றினேன். அச்சகத்தின் பின்பக்கம், மை டப்பாக்கள் கிடக்கிற இடத்தில் அந்தக் கவர்களை வரிசையாக வைத்திருந்தேன். “என்னண்ணே, குப்பைச் செடிக்குப் போயி நர்சரி போட்டிருக்கீக” என்று சிரித்தார்கள். ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் கல்லறை மேட்டைச் சுற்றி நட்டேன். பிறகு ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் ஆவாரை வளர்க்கிற முறை. தண்ணீர் ஊற்றி ஊற்றிச் செல்லம் கொடுத்தால் வேர் அழுகிவிடும்.

இரண்டு மழைக்காலம் கடந்து பூத்தது. அப்படி ஒரு மஞ்சளை எங்கள் அச்சகத்து மெஷினில் கொண்டுவர முடியாது. செடியை அடையாளம் கண்டவர்கள் எல்லோரும் ஆவாரையைப் பற்றி இருக்கிற அந்தச் சொலவடையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது பூத்திருக்கிற இடத்தில் சாவே கிடையாது என்கிற அர்த்தத்தில் வருமே, அதுதான். கல்லறையில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல் சொன்னார்கள்.

முதலில் வந்தவை வெளிறிய மஞ்சள் பட்டாம்பூச்சிகள். அவை இலையில் முட்டை வைக்க, பச்சைப் புழுக்கள் வந்து செடியைப் பாதி தின்று தீர்த்தன. நான் விட்டுவிட்டேன். மறுபடி துளிர்த்தது. அப்புறம் கருவண்டுகள் வந்தன. கட்டைவிரல் பருமன், கரிய உடம்பு, வெயிலில் நீலம் அடிக்கிற சிறகு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பொடி மட்டும்தான். அதுவும் நுனியில் சின்னத் துளை உள்ள குழலுக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் அப்போது மாறி, தையல் மெஷினை அழுத்தி மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். பொடி கொட்டி அதன் வயிறெல்லாம் மஞ்சளாகும். ஞாயிறு தோறும் மேட்டோரம் குத்தவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். செபம் சொன்னதைவிட அதில்தான் எனக்கு ஆறுதல் இருந்தது. எங்கள் பங்குச் சாமியார் இதைப் படித்தால் படிக்கட்டும்.

கருவண்டு காய்ந்த மரத்தைக் குடைந்து வீடு கட்டுகிற சாதி. சுற்றிலும் கிரானைட்டும் டைல்ஸும். மொத்தக் கல்லறைத் தோட்டத்திலும் மரம் என்று மிஞ்சியது என் மனைவியின் சிலுவை ஒன்றுதான். ஒரு நாள் பார்த்தால் குறுக்குக்கட்டையின் அடிப்பக்கம் காசு வைத்து வரைந்த மாதிரி வட்டமாக ஒரு துளை. கீழே மரத்தூள். அடுத்த மாதம் இன்னொரு துளை. அவள் பெயருக்குக் கீழே குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன. அவள் இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘கல்லறைத் தோட்டம் முழுவதும் தூய்மை செய்யப்படும், அனைவரும் ஒத்துழைக்கவும்.’ கீழே கும்பிடுகிற கைகளாக ஒரு கட்டு. எங்கள் ஊரில் தூய்மை என்றால் முளைத்த எதையும் இல்லாமல் ஆக்குவது. பிளாஸ்டிக் டம்ளர் கிடக்கலாம், தெர்மோகோல் தட்டு கிடக்கலாம், போன வருடத்துப் பாலித்தீன் மாலை நரைத்துப்போய்க் கிடக்கலாம். பச்சையாக ஒன்று நின்றால்தான் அசிங்கம்.

கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார். வெள்ளை வேட்டி கசங்காது. யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். நல்ல மனிதர்களிடம் சண்டை போடவும் முடியாது என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

“என் வீட்டுக்காரி கல்லறையில நிக்கிற ஆவாரையை வெட்டிராதீங்க வாத்தியாரே” என்றேன்.

“அதெப்படிண்ணே வெட்டுவோம்? நீங்க ஆசையா வச்சது. ஒரு அருவா படாது. நான் பொறுப்பு.”

“சிலுவையில வண்டு இருக்கு. அதையும் ஒண்ணும் பண்ணிராதீங்க.”

“கதண்டா?” என்று முகம் சுளித்தார். கதண்டு என்பது கூட்டமாகக் கொட்டுகிற குளவி. ஆளையே சாய்த்துவிடும்.

“கதண்டு இல்ல, கருவண்டு. அது பாட்டுக்கு இருக்கும்.”

“சரிண்ணே, சரிண்ணே. காபி குடிங்க.”

காபி குடித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேலைக்கு வருகிற ஆட்களுக்கு யார் சொல்வது? மறுநாள் அச்சகத்தில் ஒரு துண்டு சன்பேக் ஷீட்டில், அந்தப் பிளாஸ்டிக் அட்டையில், பெரிய எழுத்தில் அடித்து, கம்பியில் கோத்துச் செடிக்கு முன்னால் கட்டிவிட்டு வந்தேன். ‘இச்செடிகளை வெட்டக் கூடாது.’ ஒற்றுப்பிழை இல்லை. எழுத்துப்பிழை இல்லை. இத்தனை வருடப் பிழைப்பில் அதைவிடத் தெளிவாக நான் எதையும் அச்சடித்ததில்லை.

அந்த ஞாயிறு அச்சகத்தில் தீபாவளி விளம்பர வேலை. கல்லறைக்குப் போக முடியவில்லை. அதற்கடுத்து, திருநாளுக்கு முந்தின சாயங்காலம்தான் மெழுகுவர்த்தியோடு போனேன். ஓடையில் இறங்கும்போதே வாடை அடித்தது. பருத்திக் காட்டில் புழுவுக்கு அடிக்கிறதன் வாடை இல்லை. அதைவிடத் தித்திப்பாக, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு வாடை. உள்ளே போனால் தரை முழுவதும் ஒரே நிறம். புல், தும்பை, நெருஞ்சி, துத்தி, எல்லாம் வெந்த மாதிரி மஞ்சளடித்துப் படுத்துக் கிடந்தன. நடந்தால் காலுக்கடியில் நொறுங்கியது. ஆவாரைச் செடிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. யாரும் வெட்டவில்லை. இலை பழுப்பாகிச் சுருண்டிருந்தது. மொக்குகள் காம்போடு கறுத்துத் தொங்கின. தொட்டால் உதிர்ந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் என் பலகை பளிச்சென்று இருந்தது.

சுவரோரம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஸ்பிரேயர் கழுவிக் கொட்டிய இடம். மண்ணில் வெள்ளையாக ஒரு படலம் காய்ந்திருந்தது.

தலைவர் கோயில் வாசலில் சீரியல் பல்பு கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நான் போன வேகத்தைப் பார்த்து ஏணியில் இருந்தவன் இறங்கிவிட்டான்.

“வெட்ட மாட்டோம்னு சொன்னீகளே!”

“வெட்டலையேண்ணே!” அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. “ஆளுககிட்ட ஆயிரம் தடவ சொன்னேன். உங்க போர்டையும் காட்டினேன். அவுக அருவாளே எடுத்துட்டுப் போகல. மருந்துதான் அடிச்சோம்.”

மருந்துதான் அடித்தோம். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். காய்ச்சலுக்கு டாக்டர் கொடுப்பதும் மருந்து. புழுவுக்கு அடிப்பதும் மருந்து. களையைக் கருக்குவதும் மருந்து. வீட்டில் சண்டை போட்டுவிட்டு எவனாவது எடுத்துக் குடித்துச் செத்தால் அதுவும் ‘மருந்தக் குடிச்சிட்டான்’தான். அருவாள் பட்டால் பாவம், மருந்து பட்டால் கவனிப்பு. அந்த மனிதர் என் மனைவியின் கல்லறையைக் கவனித்திருக்கிறார். நாள் முழுக்கச் சொல்லைச் சீர்தூக்கிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தச் சொல்லுக்கு எதிராக என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

“பட்டுப் போச்சு வாத்தியாரே” என்றேன்.

“அட, செத்தையைத் திருநாள் முடிஞ்சதும் சுத்தமா எடுத்துருவோம். அப்புறம் அந்தச் சிலுவையில இருக்கிற கதண்டையும் பாத்தோம்ணே. பிள்ளைக வந்து போற எடம். திங்கக்கிழம மண்ணெண்ணெய்த் துணியைச் சுத்திக் கொளுத்திருவோம். நீங்க கவலப்படாதீக. சிலுவை ரொம்பக் கருகிப்போனா கமிட்டிச் செலவுல புதுசு வச்சிருவோம்.”

அது கதண்டு இல்லை என்று மறுபடி சொன்னேன். ஏணிக்காரன், “கொட்டுனா ஆளு காலியாம்ணே” என்றான். தலைவர் என் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிடவில்லை.

மறுநாள் திருநாள். மகள் மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். கல்லறைத் தோட்டம் நிறைய ஜனம். எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது. இந்தத் தடவைதான் இடம் சுத்தமாக இருக்கிறது, காலில் ஒரு முள் குத்தவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பட்டுச்சேலைகள் செத்த புல்லின் மேல் உட்கார்ந்து மெழுகுவர்த்தி கொளுத்தின. பிளாஸ்டிக் பூக்களைப் புதிதாகச் செருகினார்கள். சாமியார் ஒவ்வொரு மேடாக வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மருந்து காய்ந்திருந்த மண்ணில் தீர்த்தம் விழுந்ததும் அந்தத் தித்திப்பு வாடை மறுபடி கிளம்பியது. ஒருவர்கூட மூக்கைச் சுளிக்கவில்லை. பழகிவிட்டது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

வெயில் ஏறியதும் சிலுவையின் துளையிலிருந்து ஒரு கருவண்டு வெளியே வந்தது. செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கறுத்த மொக்கு ஒன்றைப் பிடித்தது. மொக்கு அதோடு சேர்ந்து கீழே விழுந்தது. எழுந்து பக்கத்துக் கல்லறைக்குப் போய், அங்கிருந்த பிளாஸ்டிக் சூரியகாந்தியின் நடுவில் உட்கார்ந்தது. அங்கே உடம்பை அதிர வைத்தது. அதே தையல் மெஷின் சத்தம். ஒன்றும் கொட்டவில்லை. மறுபடியும் அதிர வைத்தது. பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்துவிட்டேன்.

“அப்பா, இப்பவாவது கிரானைட்டு போடலாமா?” என்றாள் மகள். “செடியும் போச்சு.” மத்தியானத்துக்கு மேல் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லறைக்கு வந்தேன்.

பொழுது சாயும்வரை காத்திருந்தேன். வெளியே போன வண்டுகள் ஒவ்வொன்றாக வந்து துளைக்குள் அடங்கின. மேட்டில் எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை எடுத்துக் கையில் பிசைந்து, இளகியதும் துளைகளை அடைத்தேன். காற்றுப் போக ஈர்க்குச்சியால் ஓட்டை போட்டுவிட்டேன். அப்புறம் சிலுவையின் அடியைக் கடப்பாரையால் நெம்பினேன். என் மனைவியைப் புதைத்த மண் அது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சிலுவை அசைந்து, சாய்ந்து, என் தோளில் விழுந்தது.

கல்லறையிலிருந்து எங்கள் காட்டுக்கு ஊர் வழியாகத்தான் போக வேண்டும். சிலுவையைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவன் தெருவில் வந்தால் எங்கள் ஜனம் என்ன செய்யும்? இரண்டு பெண்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். டீக்கடையில் ஒருவன், “என்னண்ணே, தவக்காலத்துக்கு இன்னும் நாள் கெடக்கே” என்றான். கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

“சிலுவையைத் தூக்கிட்டு எங்கண்ணே போறீக?”

“நீங்க கொளுத்துறதுக்கு முன்னால போறேன்.”

“அண்ணே, அடையாளம் இல்லாமக் கெடந்தா நாளைக்கு வேற ஆளுக்குத் தோண்டிருவாகண்ணே!”

அவர் சொன்னது சரிதான். இடம் நெருக்கடி. பேரில்லாத மேட்டை மறுபடி தோண்டுவது எங்கள் ஊர் வழக்கம். அது தெரியாமல் நான் பிடுங்கவில்லை. தெரிந்துதான் பிடுங்கினேன். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது கால் ஒரு நிமிடம் நின்றுவிட்டது. கட்டைக்குள் வண்டு முனகுவது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நடந்துவிட்டேன்.

மேற்கு வரப்பில், ஆவாரைகளுக்கு நடுவில் சிலுவையை நட்டுவிட்டு, விடிந்ததும் போய் மெழுகைத் தோண்டி எடுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. மெழுகு வாடை பிடிக்காமல் உள்ளேயே செத்துவிட்டதோ என்று பயந்தேன். வெயில் கட்டையில் பட்ட பிறகு ஒரு கறுத்த தலை வெளியே வந்தது. அங்கேயே நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது. கட்டையைச் சுற்றி அகலமாக வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, நேராக ஒரு பூவில் போய் விழுந்தது.

அன்று மத்தியானமே மகளுக்குச் செய்தி போய்விட்டது. போனில் அழுதாள். “அம்மா எங்க இருக்காகன்னு இனிமே நான் யார்ட்டப்பா போயிக் கேப்பேன்?” “உன் இஷ்டப்படி கல்லைப் போடு” என்றேன். போட்டாள். கறுப்புக் கிரானைட், டைல்ஸ் ஓரம், பெயர், தேதி. முகம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், விட்டுக்கொடுத்தாள். மெய்ப்பு நான்தான் பார்த்தேன். இப்போது அங்கே புல் முளைக்க இடுக்குக்கூடக் கிடையாது.

கல் வைத்த அன்று அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிலுவையைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். வரப்பு மஞ்சளாகக் கிடந்தது. வண்டுகள் வேலையில் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவைக்கு முன்னால் நின்றாள். அம்மா பெயரைத் தடவினாள். துளைக்குப் பக்கத்தில் விரல் போனதும் பயந்து எடுத்துக்கொண்டாள். அவளுக்கு என் மேல் இருந்த கோபம் குறைந்திருந்தது என்று நினைக்கிறேன். குரல் இறங்கியிருந்தது.

“அப்பா, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

“உங்களுக்குன்னு வரும்போது, உங்கள இங்கயே வச்சிரலாமா? அந்த மருந்து வாடை உங்களுக்கு ஆகாதுல்ல. இங்கன்னா யாரும் வந்து ஒண்ணும் அடிக்க மாட்டாக. நம்ம சொந்த எடம்.”

நல்ல யோசனைதான். நானே அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் செத்த புல்லும், வெள்ளைப் படலமும், டைல்ஸும், தொண்டையில் ஒட்டுகிற அந்தத் தித்திப்பும் நினைவுக்கு வந்தால் இப்போதும் எனக்கு எச்சில் ஊறித் துப்ப வேண்டியிருக்கிறது.

“வேண்டாம்மா” என்றேன். “உங்கம்மா அந்த நாத்தத்துலதான் கெடக்கா. என்னையும் அங்கயே போடுங்க.”